வடலி ஏன் விரியவில்லை: சொந்த ட்ரான்சிஷனில் வரும் பிழைகளைத் திருத்துவது

புதுக்குடியிருப்பில் ஒரு சாமத்திய வீட்டு வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தபோது ஒரு ஆசை வந்தது. மென்பொருளோடு வரும் வட்டமும் சதுரமும் வேண்டாம், பந்தலில் இருந்து வீட்டுக்குள் காட்சி மாறும்போது ஒரு வடலி ஓலை விரிவதுபோல இருக்கட்டும் என்று நினைத்தேன். ஓலையைக் கறுப்பில் வரைந்து, சுற்றிவர வெள்ளை விட்டு, ட்ரான்சிஷனாக, அதாவது ஒரு காட்சி அடுத்த காட்சியாக மாறும் விதமாகப் போட்டேன். ஓலை விரியவில்லை. அடுத்த காட்சி ஓலை வடிவில் படக்கென்று முளைத்தது, இரண்டு செக்கன் அசையாமல் நின்றது, பிறகு மீதித் திரையும் படக்கென்று மாறியது. மென்பொருளைத் திட்டி, அழித்துவிட்டு மறுபடியும் நிறுவியும் பார்த்தேன். பிழை என் படத்தில்தான் இருந்தது.

நான் பாவிப்பது ஷொட்கட் என்ற வீடியோ எடிட் செய்யும் மென்பொருள். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு

இரணைமடு வாய்க்கால் தண்ணீரை வயலுக்குத் திருப்பினால் என்ன நடக்கும்? பள்ளம் முதலில் நனையும், மேடு கடைசியில் நனையும். சொந்த ட்ரான்சிஷனுக்கு நாம் கொடுக்கும் படமும் அப்படித்தான். அதில் கறுப்பாக இருக்கும் இடத்தில் அடுத்த காட்சி முதலில் வரும், வெள்ளையில் கடைசியாக வரும், இடையிலுள்ள சாம்பல் நிறங்கள் அதனதன் அளவுக்கு ஏற்ற நேரத்தில் மாறும். நான் கொடுத்த படத்தில் சாம்பலே இல்லை. ஒரு குழியும் ஒரு திட்டியும் மட்டும் உள்ள வயலில் தண்ணீர் எப்படிப் படிப்படியாக ஏறும்?

படத்தைச் சரியாகச் செய்தல்

கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் 1920×1080 அளவில் புதுப்படம் திறக்கவும். வீடியோ அளவும் அதுவாக இருக்க வேண்டும். சதுரப் படம் கொடுத்தால் ஷொட்கட் அதைத் திரைக்கு ஏற்ப இழுத்துவிடும், வட்டம் முட்டையாகிவிடும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ என்றால் படம் 1080×1920.

முன்நிறம் கறுப்பு, பின்நிறம் வெள்ளை. ஒரு நிறத்திலிருந்து மறு நிறத்துக்குப் படிப்படியாக மாற்றும் கிரேடியன்ட் கருவியை எடுத்து, அதன் வடிவத்தைக் கோனிக்கல் சிமெட்ரிக் என்று மாற்றவும். திரையின் அடிப்பக்க நடுவில் தொடங்கி நேராக மேலே இழுக்கவும். நடுவில் கறுப்பும் இரு பக்கமும் போகப் போக வெளுப்புமாக, ஒரு பனையோலை விசிறி மாதிரி வரும்.

இதில் நான் ஒரு முழுநாள் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அப்படி இழுத்தால் வெள்ளை திரைக்கு வெளியே, கீழே போய்விடும். திரைக்குள் அரைவாசிச் சாம்பல் வரைதான் இருக்கும். ஆகவே ட்ரான்சிஷன் பாதி நேரத்திலேயே முடிந்துவிடும், மிச்ச நேரம் ஒன்றும் நடக்காது. கலர்ஸ் மெனுவில் ஓட்டோ, அதில் ஸ்ட்ரெச் கொன்ட்ராஸ்ட் என்பதை அழுத்தினால் சாம்பல் முழு அளவுக்கும் விரியும். பிறகு பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்து, ப்ரொஜெக்ட் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் வைக்கவும். பென்ட்ரைவில் வைத்தால், அடுத்த முறை அது வேறு ட்ரைவ் எழுத்தில் திறக்கும்போது படத்தைத் தேட வேண்டிவரும்.

நிறத் துண்டுகளில் சோதனை

நேரே சாமத்திய வீட்டு வீடியோவில் போட்டுப் பார்க்க வேண்டாம். ஓப்பன் அதர் மெனுவில் கலர் என்பதை எடுத்து, ஐந்து செக்கன் சிவப்பு, ஐந்து செக்கன் நீலம் என்று இரண்டு துண்டுகளை ஒரே ட்ராக்கில் வைக்கவும். நீலத்தைப் பிடித்துச் சிவப்பின் மேல் இரண்டு செக்கன் ஏறும்படி இழுத்தால் ட்ரான்சிஷன் உருவாகும். துண்டுகள் வெவ்வேறு ட்ராக்கில் இருந்தால் உருவாகாது. புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ட்ரான்சிஷனைத் தெரிவுசெய்து, ப்ராப்பர்ட்டீஸில் வீடியோ பட்டியலைத் திறந்து, கஸ்டம் என்பதில் உங்கள் படத்தைக் கொடுக்கவும்.

இதில் ஒழுங்காக விரிந்தால் படம் சரி, பிழை வீடியோத் துண்டுகளில். இதிலும் விரியாவிட்டால் கிம்ப்புக்குத் திரும்ப வேண்டியதுதான்.

விரிகிறது, ஆனால் ஓரம் படிப்படியாக வெட்டுப்பட்டு நகர்கிறதா? சாதாரணப் படத்தில் சாம்பல் 256 வகைதான். இடமிருந்து வலமாக 1920 புள்ளிகளில் அதைப் பரப்பினால் ஒவ்வொரு படியும் ஏழரைப் புள்ளி அகலம். கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ஓரத்தை மென்மையாக்கும் சொப்ட்னஸை 10 முதல் 20 வீதம் வரை கூட்டினால் மறையும். அதற்கு மேலே போனால் ஓலை தெரியாது, புகைதான் தெரியும்.

திசை பிழைத்துவிட்டால் படத்தை மறுபடி வரைய வேண்டாம், இன்வேர்ட் வைப் பெட்டியில் சரி போட்டால் போதும்.

வீடியோத் துண்டுகளில் வரும் பிழை

துண்டை இழுத்து ஏற்றும்போது முழு நீளம் இரண்டு செக்கன் குறையும். ரிப்பிள் (பின்னால் உள்ள துண்டுகளையும் சேர்த்து நகர்த்தும் வசதி) அணைந்திருந்தால் பின்னால் ஓட்டை விழும். இயங்கினால் அந்த ட்ராக் மட்டும் முன்னே நகரும், கீழே போட்ட நாதஸ்வரம் நகராது, மேளம் ஒரு பக்கம் கை ஒரு பக்கம். அப்போது எல்லா ட்ராக்கையும் சேர்த்து நகர்த்தும் ரிப்பிள் ஓல் ட்ராக்ஸையும் இயக்கிவிட்டு இழுக்கவும்.

போன் வீடியோவில் காட்சி திணறினால், அதன் பிரேம் வேகம் மாறிமாறி ஓடுவது காரணமாக இருக்கலாம். கோப்பைச் சேர்க்கும்போது அதை எடிட் செய்ய ஏற்றதாக மாற்றவா என்று ஷொட்கட் கேட்கும். ஓம் என்று சொல்லுங்கள். நேரம் எடுக்கும், கரண்ட் போகாத வேளையாகப் பார்த்துச் செய்யுங்கள். மாற்றிய பின்னும் திணறினால், எடிட் செய்யும்போது பார்க்கும் காட்சியின் அளவான பிரிவியூ ஸ்கேலிங்கை 360க்கு இறக்கவும். அது பார்வைக்கு மட்டும்தான், ஏற்றுமதியாகும் வீடியோவின் தரம் குறையாது.