விசா தேதியை விடுங்கள், ஐ-94 தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவில் எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் பாஸ்போர்ட்டில் உள்ள விசா சொல்லாது. பத்தாண்டு பி-2 (சுற்றுலா) விசா இருந்தால், அந்தக் காலத்துக்குள் போய் இறங்கி உள்ளே விடும்படி கேட்கலாம், அவ்வளவுதான். தங்கும் கெடுவைக் குறிப்பவர் விமான நிலையத்து அதிகாரி. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கிடைக்கும். அந்தத் தேதி ஐ-94 என்னும் வருகைப் பதிவில் இருக்கும்.

இறங்கிய ஓரிரு நாளில் சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறை) இணையதளத்தில் அதைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, காசு கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. பதிவே இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். குடும்பப் பெயர் இல்லாத நம்மவர் பலருக்கு விசாவில் முதல் பெயர் 'எஃப்என்யு' ('முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். விசாவில் உள்ளபடியே உள்ளிட்டுப் பாருங்கள்.

எச்-1பி வேலை விசாவில் போகும் குடும்பங்கள் சறுக்கும் இடம் வேறு. ஒப்புதல் மூன்றாண்டுக்கு இருந்தாலும் பாஸ்போர்ட் முன்னதாக முடிந்தால், அந்தத் தேதியோடு ஐ-94-ஐ வெட்டிவிடுவார்கள். கணவருக்கு ஒரு தேதி, குழந்தைக்கு வேறு தேதி என்றும் வரும். ஒவ்வொருவருடையதையும் தனித்தனியே பாருங்கள். பயணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதுதான் மலிவான வழி. வெட்டப்பட்ட பிறகென்றால், புதிய பாஸ்போர்ட்டோடு வெளியே போய்த் திரும்ப வேண்டும். அல்லது கெடுவுக்கு முன் நீட்டிப்புக் கேட்டு நிறுவனம் ஐ-129 மனுவும், எச்-4 (எச்-1பி பணியாளரைச் சார்ந்தோர் விசா) குடும்பத்தார் ஐ-539 மனுவும் போட வேண்டும். அதிகாரி தேதியைத் தவறாகப் பதிந்திருந்தால் சிபிபியின் 'டிஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகம் திருத்தித் தரும்.

பி-2 நீட்டிப்புக்கும் ஐ-539தான். கெடுவுக்கு 45 நாள் முன்பே போடுங்கள். முறையாகப் போட்ட மனு நிலுவையில் இருக்கும்வரை சட்டவிரோதத் தங்கல் எண்ணப்படாது. நிராகரித்தால் மறுநாளே எண்ணிக்கை தொடங்கும்.

கெடு ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாது. சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறினால் 3 ஆண்டு, ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு நுழையத் தடை.

'நோட்டீஸ் டு அப்பியர்' (நாடு கடத்தும் வழக்குக்கான அழைப்பாணை) வந்துவிட்டால் வழக்கு குடிவரவு நீதிமன்றத்தில். உங்களுக்கு வக்கீலை அரசு தராது. முகவரி மாறினால் 5 வேலைநாளுக்குள் இஓஐஆர்-33 படிவம் கொடுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் விசாரணையைத் தவறவிட்டால், நீங்கள் இல்லாமலே நாடு கடத்தும் ஆணை பிறப்பிப்பார்கள்.