தகலாக்கில் 'வாஷ்' பண்ணுவது எப்படி?

ஆங்கிலத்தில் தட்டு, துணி, முகம் எதுவானாலும் 'வாஷ்' போதும். பிலிப்பைன்ஸின் தகலாக் மொழியில் அது நடக்காது. அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை வைத்துக்கொண்டு மணிலாவில் அறை எடுத்தால் சிரிப்பார்கள். நமக்கு இது கஷ்டமில்லை. நாமும் சட்டையைக் 'கழுவுவது' இல்லையே.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: 'மக்', 'நக்' முன்னொட்டுகளிலும், ஹூகஸ், பிகாஸ், லீகோ, பிகா ஆகியவற்றிலும் வரும் ககரத்தைத் 'தங்கம்' சொல்லில் வருவதுபோல் ஒலியுங்கள்.

படி 1: பாத்திரம், கை, காய்கறி என்றால் ஹூகஸ். 'மக்ஹூகஸ் நங் பிங்கான்' என்றால் தட்டைக் கழுவுவது. அரிசி களைவதும் இதே ஹூகஸ்தான். களைந்த தண்ணீருக்கு 'ஹூகஸ் பிகாஸ்' என்று பெயர். அதைக் கொட்டாமல் சினிகாங் என்ற புளிப்புக் குழம்பில் ஊற்றுவார்கள். 'நக்ஹூகஸ் கமாய்' (கமாய் என்றால் கை) என்று யாரையாவது பற்றிச் சொன்னால், பொறுப்பை உதறிவிட்டார் என்று அர்த்தம். சோப்பைத் தேட வேண்டாம்.

படி 2: துணி என்றால் லபா. ஸ்பானிய ஆட்சி விட்டுப்போன சொல் இது. 'மக்லபா' என்றால் துவைப்பது. ஆனால் துவைக்கிற இடத்தில் அது மட்டும் போதாது. காலரைக் கசக்கித் தேய்ப்பது குஸோத், அலசுவது பன்லாவ், பிழிவது பிகா, கொடியில் காயப்போடுவது ஸம்பாய். வெள்ளைத் துணியைச் சோப்பு நுரையோடு வெயிலில் விரித்து வெளுக்க வைப்பதற்கும் 'குலா' என்று தனிச் சொல் உண்டு. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தது இதுதான்.

படி 3: உடம்பு. முகம் கழுவ 'மக்ஹிலாமோஸ்'. முகத்துக்கு 'முக்ஹா' என்பார்கள், ஆனால் இங்கே அதைச் சேர்க்கத் தேவையில்லை. ஹிலாமோஸ் என்றாலே முகம்தான். குளிக்க 'மலீகோ', வாய் கொப்பளிக்க 'மக்மூமோக்'.

படி 4: காலம் மாற்றுவது. 'மக்' என்பதை 'நக்' ஆக்கினால் வேலை முடிந்துவிட்டது. வேர்ச்சொல்லின் முதல் அசையை இரட்டித்தால் இன்னும் முடியவில்லை.

நக்லபா அகோ: துவைத்தேன்
நக்லலபா அகோ: துவைத்துக்கொண்டிருக்கிறேன்
மக்லலபா அகோ: துவைப்பேன்

'அகோ' என்றால் நான். மலீகோவில் 'ம' மட்டும் 'ந' ஆகும்: நலீகோ அகோ, குளித்தேன்.

படி 5: மரியாதை. தம்பியிடம் 'மக்ஹூகஸ் கா நங் கமாய்' என்று சொல்லலாம். வீட்டுக்கார அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். 'கா' நம் 'நீ' மாதிரி. பெரியவர்களுக்குக் 'கயோ', கூடவே ஒரு 'போ': 'மக்ஹூகஸ் போ கயோ நங் கமாய்'. அந்தப் 'போ' நம் ஊர்ப் 'போ' அல்ல, 'ங்க' மாதிரி மரியாதைக்குச் சேர்ப்பது. தயங்காமல் போடுங்கள்.