ஃபிளாஷ் சில்லில் எழுதப் பழகுவோம்: மூன்றாம் பதிவு முதல் பதிவைத் தின்ற கதை

எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் (ஃபிளாஷ் நினைவகத்தாலான சேமிப்பகத்துக்கு உள்ளேயே ஓடும் நிரல்) எழுதும் வேலைக்குப் போக ஆசைப்படுபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: டபிள்யூ25கியூ64 என்ற 8 மெகாபைட் ஃபிளாஷ் சில்லு ஒன்றை வாங்கி, ஆயத்த நிரல் எதையும் சேர்க்காமல், டிரைவரை (சில்லை இயக்கும் நிரலை) நீங்களே எழுதுங்கள். சில்லை இயக்க ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பலகை போதும். அர்டுயினோ ஊனோ வேண்டாம். அதன் கால்களில் 5 வோல்ட் வரும், இந்தச் சில்லுக்கு 3.3 வோல்ட்தான்.

1. எஸ்பிஐ இணைப்பை (பலகையும் சில்லும் பேசிக்கொள்ளும் கம்பிகள்) கொடுத்து, அடையாள எண்ணைக் கேட்கும் 9எஃப் கட்டளையை அனுப்புங்கள் (கட்டளைகள் எல்லாம் பதினாறடிமான எண்கள்). ஈஎஃப், 40, 17 என்று மூன்று பைட் வரவேண்டும். சில வகைகளில் நடுவில் 70 வரும். இது வராமல் மேலே போகாதீர்கள்.

2. 06 அனுப்பி எழுத அனுமதி வாங்குங்கள். பிறகு அழிக்கும் கட்டளை 20, அதோடு முகவரி. 4 கிலோபைட் பகுதி முழுவதும் அழிந்து எல்லா பிட்டும் 1 ஆகும். சில்லின் நிலையைக் கேட்கும் 05 கட்டளைக்கு வரும் பதிலில் கடைசி பிட் 0 ஆகும்வரை காத்திருங்கள்.

3. மறுபடியும் 06. அழித்து முடித்ததும் பழைய அனுமதி தானாகவே போய்விடும். அடுத்து எழுதும் கட்டளை 02, முகவரி, தரவு. மறுபடியும் 05 பார்த்துக் காத்திருங்கள்.

இங்கேதான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். நூறு நூறு பைட்டாகப் பதிவுகள் எழுதினேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை எழுதியதும் முதல் பதிவு குப்பையாகிவிட்டது! சில்லில் ஒரு தடவையில் எழுதக்கூடிய பகுதிக்குப் பக்கம் என்று பெயர், அது 256 பைட். மூன்றாம் பதிவு போல 200இல் தொடங்கினால் 56 பைட்டுக்குத்தான் இடம். மிச்சம் 44 பைட் அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தின் தலைப்பகுதிக்குத் திரும்பிவிடும். அங்கே பழைய தரவு அழியவும் இல்லை. ஃபிளாஷில் எழுதுவதென்றால் 1ஐ 0 ஆக்குவது மட்டுமே. 0101 இருந்த இடத்தில் 0011 எழுதினால் மிஞ்சுவது 0001. முகவரியை 256ஆல் வகுத்து, மீதியை 256இலிருந்து கழியுங்கள். ஒரு தடவைக்கு அவ்வளவுதான். மீதித் தரவை அடுத்த பக்கத்தில், புதிய 06, 02 கட்டளைகளோடு எழுதுங்கள்.

திரையில் அச்சிட்டுப் பிழை தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மலிவான எட்டுத் தட லாஜிக் அனலைசரும், அது பதிவதைக் கணினியில் காட்டும் பல்ஸ்வியூ மென்பொருளும் இருந்தால் கம்பியில் என்ன ஓடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

பின்சேர்க்கை: அடையாள எண் ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சில்லின் பேச்சை இடைநிறுத்தும் ஹோல்டு காலை எதனோடும் இணைக்காமல் விட்டிருக்கிறார். பலகையில் பொருத்தாத வெறும் சில்லு வாங்கியவர்கள் அதையும் எழுத்துத்தடைக் காலையும் 3.3 வோல்ட்டோடு சேர்த்துவிடுங்கள்.