காசு கட்டாமல் கப்பலேறுவது: சொகுசுக் கப்பல் வேலை தேடும் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு வழிகாட்டி

காணியை ஈடு வைத்தும் நகையை அடகு வைத்தும் ‘கப்பல் வேலை’க்காக முகவர்களிடம் பணம் கட்டும் குடும்பங்கள் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் தீவகத்திலும் இன்றும் இருக்கின்றன. வேலை எடுத்துத் தருவதற்காக அந்தப் பணத்தைக் கேட்க எந்த முகவருக்கும் உரிமை இல்லை என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது. சொகுசுக் கப்பலில் வேலை தேடுபவர் கையில் ஒரு தொழிலோடும் முறையான பத்திரங்களோடும் போக வேண்டும். வேலையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போகக்கூடாது. என்ன ஆயத்தம் செய்வது, எதற்குப் பணம் செலவழிப்பது, எதற்குச் செலவழிக்க மறுப்பது, கப்பலில் ஏறிய பின் எதை எதிர்பார்ப்பது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

எந்தத் தொழிலோடு போவது

கடலோடுவது நமக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அந்த ஊர்க் கடலோடிகளோடு 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஆயினும் இன்றைய சொகுசுக் கப்பலில் உள்ள வேலைகளுள் மிகப் பெரும்பாலானவை கடலோடித் தொழிலைச் சேர்ந்தவை அல்ல. 2024 ஜனவரியில் சேவையைத் தொடங்கிய ஐகன் ஒஃப் த சீஸ் என்னும் கப்பலில் ஏறத்தாழ 2350 பணியாளர்கள் இருக்கிறார்கள். இத்தகைய கப்பல்களில் கப்பலைச் செலுத்துவோரும் இயந்திரப் பகுதியினரும் சிறு தொகையினரே; ஏனையோர் குசினியிலும் உணவு மண்டபங்களிலும் சலவையிலும் வரவேற்பிலும் பயணிகளின் அறைகளைத் துப்புரவு செய்வதிலும் நாளைக் கழிப்பவர்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்த எம்பிரஸ் போன்ற சிறிய கப்பலிலும் நிலைமை இதுவே.

ஆகவே கப்பலைப் பற்றிக் கனவு காண்பதற்கு முன் ஒரு நல்ல ஹொட்டேலில் வேலை பழகுவதே முதற்படி. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் நட்சத்திர விடுதியொன்றில் ஓரிரு வருடங்கள் வேலை செய்த அனுபவத்தைக் கேட்கின்றன. யாழ் நகரிலேயே இப்போது அத்தகைய விடுதிகள் உண்டு. அறைப் பராமரிப்பிலோ குசினியிலோ சேர்ந்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழையும் பெற்றுக்கொண்டால், நேர்முகத் தேர்வில் சொல்வதற்கு உண்மையான விடயம் உங்களிடம் இருக்கும். இயந்திரத்திலோ மின்சாரத்திலோ நாட்டமுள்ளவர்கள் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் அடித்தளத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கப்பல் இயந்திர அதிகாரியாவதற்கு அதற்குரிய தனிப் படிப்பும் கடற்சேவைக் காலமும் தேவை என்பதை மறக்கக்கூடாது.

ஆங்கிலம் பேசும் பயிற்சியைத் தனியாக வலியுறுத்த விரும்புகிறேன். நம் பிள்ளைகள் பலர் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தும், காணொளி நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் கேட்பதற்கு உடனே பதில் சொல்லத் தயங்குகிறார்கள். தேர்வாளர் இலக்கணத்தைச் சோதிப்பதில்லை. குறைகூறும் பயணி ஒருவரிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்பதைத்தான் அறிய விரும்புகிறார். செய்யும் வேலையை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல நாள்தோறும் வாய்விட்டுப் பழகுவதே இதற்கு வழி.

பயிற்சியும் பத்திரங்களும்

கடற்பணியாளருக்கான சர்வதேசப் பயிற்சித் தராதர உடன்படிக்கையை, எஸ்.ரி.சி.டபிள்யூ. என்று சுருக்கமாக அழைப்பார்கள். அது 1978 இல் உருவாகி 2010 இல் மணிலாவில் பெரிதும் திருத்தப்பட்டது. அதன்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் நான்கு பகுதிகள் உண்டு: கடலில் உயிர்பிழைத்தல், தீத்தடுப்பும் தீயணைப்பும், ஆரம்ப முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும். இவற்றோடு கப்பற் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சியையும் சேர்த்துப் பெறுவது நல்லது. உயிர்பிழைத்தல் பகுதியில் உயரத்திலிருந்து நீரில் குதிக்கவும், கவிழ்ந்த உயிர்காப்புத் தெப்பத்தை நிமிர்த்தவும் வேண்டியிருக்கும். கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாதவர்கள் நம்மிடையே நிறைய இருப்பதால், பயிற்சிக்குப் போவதற்கு முன்பே நீச்சல் பழகிக்கொள்ளுங்கள். உயிர்பிழைத்தல், தீயணைப்பு ஆகியவற்றின் தகுதியை ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது சி.டி.சி. எனப்படும் கடற்பணியாளர் பதிவுப் புத்தகம். இதனை வழங்குவது கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் செயலகம். விண்ணப்பிப்பதற்கு முன், தேவையான ஆவணங்களின் பட்டியலைச் செயலகத்திடமே நேரடியாகக் கேட்டறியுங்கள். முகவரின் வாய்ச்சொல்லை நம்பிக் கொழும்புக்கு இரண்டு முறை பஸ் ஏற வேண்டாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை முதலிலேயே பாருங்கள். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் வழக்கத்தால் ஓர் ஆவணத்தில் முழுப்பெயரும் இன்னொன்றில் முன்னெழுத்தும் இருப்பது சாதாரணம், அதைத் திருத்த மாதக்கணக்கு ஆகலாம். கடவுச்சீட்டுக்கு முன்பு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டதால் அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது.

மருத்துவச் சான்றிதழை அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடமே எடுக்க வேண்டும். அது பொதுவாக இரண்டு வருடங்களுக்குச் செல்லுபடியாகும். மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசியைக் கப்பல் நிறுவனம் கேட்டால், அதனைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும்; அதன் சான்றிதழ் 2016 முதல் வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல் எனில் சி1/டி என்னும் பணியாளர் விசா தேவை. அதற்கான கடிதத்தை நிறுவனம் தரும்; நேர்காணல் கொழும்புத் தூதரகத்தில் நடைபெறும்.

முகவரிடம் எதைக் கேட்பது

இந்தப் பகுதியைப் பெற்றோரும் பொறுமையாக வாசிக்க வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 இல் நிறைவேற்றப்பட்டு 2013 ஓகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதனை 2017 இல் ஏற்றுக்கொண்டது. ஆட்சேர்ப்புக்காகவோ வேலையில் அமர்த்துவதற்காகவோ கடற்பணியாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்தக் கட்டணமும் அறவிடக்கூடாது என்று அது சொல்கிறது. பணியாளர் ஏற்கக்கூடிய செலவுகள் மூன்று மட்டுமே: சட்டபூர்வ மருத்துவச் சான்றிதழ், கடற்பணியாளர் புத்தகம், கடவுச்சீட்டு போன்ற பயண ஆவணம். விசாச் செலவு கூடக் கப்பல் உரிமையாளருடையது. பயிற்சிக் கட்டணம் வேறு விடயம். அதனை முகவரிடம் கொடுக்காமல் பயிற்சி நிறுவனத்திடமே கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்க வேண்டும்.

முகவர் ஒருவரைச் சந்தித்தால், கடற்பணியாளர்களைச் சேர்ப்பதற்கான அவருடைய அனுமதிப்பத்திரத்தைக் காட்டும்படி கேளுங்கள். அதன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வணிகக் கப்பற்றுறைச் செயலகத்துக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்துங்கள். வெளிநாட்டில் தரைத் தொழிலுக்கு ஆள் அனுப்பும் அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால் அது போதாது. அடுத்து, எந்த நிறுவனம், எந்தக் கப்பல், என்ன பதவி என்று கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நாடுவாரியாகத் தம் முகவர்களை அறிவிப்பதுண்டு. அந்தப் பெயர் அங்கே இல்லையெனில் நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கலாம். நிறுவனத்தின் பெயரில்லாத இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து நியமனக் கடிதம் வருவதும், நேர்முகத் தேர்வே இல்லாமல் வேலை கிடைப்பதும், இன்றைக்கே முற்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துவதும் மோசடியின் அடையாளங்கள். சுற்றுலா விசாவில் ஒரு நாட்டுக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறலாம் என்று ஒருவர் சொன்னால், அவருடைய நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஊரவர், சொந்தக்காரர், கோயிலில் தெரிந்தவர் என்ற காரணத்துக்காக இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடுவதே நம்மிடையே மிகப் பெரிய பலவீனம் என்று நான் நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தை வாசித்தல்

கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டு சென்று வாசிப்பதற்கும், விளங்காததை விசாரிப்பதற்கும், கையெழுத்திட்ட மூலப்பிரதியொன்றைப் பெறுவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் சம்பளத்தைப் பாருங்கள்: உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு, பயணிகள் தரும் அன்பளிப்பில் தங்கியிருக்கும் தொகை எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வேண்டும். மாதம் இவ்வளவு டொலர் என்று முகவர் சொன்ன எண்ணில் பாதி, பயணிகளின் அறைகள் நிறைவதைப் பொறுத்ததாக இருக்கலாம். உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பணம் கழிக்கக்கூடாது.

வேலை நேரத்துக்குச் சர்வதேச எல்லை உண்டு. வேலை நேரத்தை அடிப்படையாக வைத்தால் 24 மணிநேரத்தில் 14 மணிநேரத்துக்கும், ஏழு நாள்களில் 72 மணிநேரத்துக்கும் மேற்படக்கூடாது. ஓய்வு நேரத்தை அடிப்படையாக வைத்தால் நாளுக்குக் குறைந்தது 10 மணிநேரமும் ஏழு நாள்களில் 77 மணிநேரமும் ஓய்வு இருக்க வேண்டும். அந்த ஓய்வை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்க முடியாது, ஒரு துண்டு ஆறு மணிநேரமாவது நீள வேண்டும். இரண்டாவது முறையின்படி வாரத்தில் 91 மணிநேரம் வரை வேலை வாங்க இடமுண்டு என்பதையும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழு விடுமுறை நாள் என்று ஒன்று இல்லை என்பதையும் அறிந்தே போக வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் வீடு திரும்பும் பயணச் செலவு உரிமையாளருடையது. வேலையில் காயமடைந்தாலோ நோயுற்றாலோ சிகிச்சையும், குறைந்தது 16 வாரங்கள் வரையான சம்பளப் பொறுப்பும் உரிமையாளரைச் சேரும். அந்தப் பிரிவு உங்கள் ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

கப்பலில் வாழ்வது

பணியாளரின் அறைகள் பெரும்பாலும் பயணிகளின் தளங்களுக்குக் கீழே, யன்னல் இல்லாமல் இருக்கும். இருவர் மேல்கீழ்க் கட்டிலில் படுப்பார்கள். உங்களோடு தங்குபவர் வேறு நாட்டவராகவும் வேறு நேரத்தில் வேலைக்குப் போபவராகவும் இருக்கலாம். கீழ்த்தளத்தில் கப்பலின் நீளத்துக்கு ஓடும் பணியாளர் நடைபாதையை, அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் ஐ-95 என்று பல கப்பல்களில் அழைப்பார்கள். முதல் வாரத்தில் அதைத் தெரிந்துகொண்டால் வழி தவற மாட்டீர்கள். சாப்பாட்டைப் பற்றி அம்மாமார் கவலைப்படுவதுண்டு. இந்தியரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய நாட்டவரும் நிறையப் பேர் வேலை செய்வதால் பணியாளர் உணவகத்தில் சோறு அநேகமாக எப்போதும் இருக்கும், மரக்கறி உணவும் கிடைக்கும். கந்தசஷ்டி விரதம் இருப்பவர்கள், பத்து மணிநேரம் நின்று செய்யும் வேலையில் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிகவும் கடினமான நாள், ஒரு கூட்டம் பயணிகள் இறங்கி அடுத்த கூட்டம் ஏறும் நாள். காலையில் வெறுமையாகும் அறைகள் எல்லாம் பிற்பகலுக்குள் புதிதாகிவிட வேண்டும். அன்றே அவசரகால ஒன்றுகூடற் பயிற்சியும் நடைபெறும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக்கு அருகே கொஸ்ரா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்த பின்னர், கப்பல் புறப்படுவதற்கு முன்பே அல்லது புறப்பட்ட உடனே பயணிகளுக்கு இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும் என்ற விதி வந்தது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் தட்டு ஏந்துபவரும் அறை கூட்டுபவரும் மக்களை வழிநடத்தும் பாதுகாப்புப் பணியாளராகிவிடுகிறார்கள். உங்கள் நிலையத்தையும் கடமையையும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

சுகாதார விதிகளில் எவ்வித விட்டுக்கொடுப்பும் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் நடக்கும் பரிசோதனையில் 100 க்கு 86 புள்ளிகளாவது பெறாத கப்பல் தோல்வியடைந்ததாகக் கொள்ளப்படும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஏற்பட்டால் உடனே மருத்துவப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். உணவைக் கையாளும் பணியாளர், அறிகுறி நின்ற பின்னும் 48 மணிநேரம் வேலைக்குத் திரும்ப முடியாது. வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பதுதான் வேலையைப் பறிக்கும்.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அனுப்பலாம் என்பதே. ஆனால் துன்புறுத்தல் நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதைக் கப்பலேறிய முதல் நாளிலேயே அவர் அறிந்திருக்க வேண்டும். கப்பலில் முறைப்பாடு செய்வதற்கான ஒழுங்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், முறையிட்டவரைப் பழிவாங்கக்கூடாது என்பதும் அதே 2006 உடன்படிக்கையின் விதிகள். பயணிகளோடு நெருங்கிய உறவு வைப்பது, ஆணாயினும் பெண்ணாயினும், அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் பணிநீக்கத்துக்குரிய குற்றம்.

வீட்டோடு பேசுவதற்கு ஒரு நேரத்தை முன்பே பேசி வையுங்கள். குளிர்காலத்தில் மயாமியில் இரவு 9.30 எனில் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 8 மணி. பலருக்கு இது பொருத்தமாக அமையும். இணைய இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டிவரலாம்.

ஒப்பந்தம் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை நீளும். அதன் பின் வரும் இரண்டு மாத அளவிலான விடுமுறைக்குப் பலருக்குச் சம்பளம் இல்லை. ஆகையால் மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்புவதோடு, அந்த மாதங்களுக்கென்று ஒரு தொகையை உங்கள் பெயரிலேயே வங்கியில் ஒதுக்கி வையுங்கள். இறங்கும் நாளில் சி.டி.சி.யில் சேவைக்காலம் பதியப்பட்டு முத்திரை இடப்பட்டிருக்கிறதா என்று அலுவலக மேசையிலேயே திறந்து பாருங்கள். பிரிவு மேலாளரிடம் மதிப்பீட்டின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுபவை இவை இரண்டும்தான்.