ஆறேகாலா, ஏழேகாலா? மொரிஸ் மைனர் கிளச் வாங்கிய கதை

நாவற்குழிப் பாலம் தாண்டி என் மொரிஸ் மைனர் காரை நான்காம் கியரில் மிதித்தால் என்ஜின் மட்டும் இரையும், வேகம் ஏறாது. என்ஜினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் கிளச் தட்டு தேய்ந்துவிட்டது. அதில் சந்தேகமே இல்லை.

என்ஜின் இலக்கம் 10எம்ஏ என்று தொடங்கியது. 1962 இற்குப் பின் வந்த 1098 சீசீ என்ஜின் அது. அதற்குரிய ஏழேகால் அங்குல கிளச் செட்டைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தேன். தட்டை அழுத்திப் பிடிக்கும் கவர், என்ஜினின் பின்னால் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் உட்காரவில்லை. ஒரு துளைகூட நேராக வரவில்லை. பொருள் பிழையென்று திருப்பி அனுப்பி, வேறொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. இதற்குள் நான்கு நாள் போய்விட்டது. லேத் பட்டறையில் ஃப்ளைவீலில் புதுத் துளை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை.

கழற்றிவைத்த கியர்பொக்ஸின் எண்ணெய் அழுக்கை மண்ணெண்ணெயால் கழுவியபோதுதான் விளங்கியது. 1098 இற்கு வந்த கியர்பொக்ஸின் வெளிக்கூட்டில் வரிவரியாக மேடுகள் இருக்கும். என்னுடையது விரலுக்கு வழுவழுவென்று இருந்தது: பழைய 948 சீசீ காரின் கியர்பொக்ஸ். முன்பு வைத்திருந்தவர் என்ஜினை மட்டும் மாற்றி, 948 இன் ஃப்ளைவீலையும், என்ஜினைக் கியர்பொக்ஸோடு இணைக்கும் பின்தகட்டையும் அதில் பூட்டியிருக்கிறார். துளை போட்டிருந்தாலும் பெரிய கவர் அந்தச் சிறிய கூட்டுக்குள் சுழல இடமிருந்திருக்காது.

பழைய தட்டின் குறுக்களவை அளந்தேன்: 159 மில்லிமீற்றர், ஆறேகால் அங்குலம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அந்த அளவில் தட்டு, கவர், கிளச்சை மிதிக்கும்போது தட்டை விடுவிக்கும் கரி ரிலீஸ் பெயரிங் மூன்றையும் வாங்கிப் பூட்டினோம். நேற்றுக் கிளிநொச்சி வரை போய்வந்தேன், வழுக்கவில்லை.