சின்ன வயசு ஞாபகத்துக்கு என்ன விலை? ஒரிஜினல் காமிக்ஸ் பக்கம் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் கியூர்பீப் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கோவில் மாலை வகுப்பில் தமிழ் படித்தவர். பாதி கிரியோல் கலந்துதான் பேசுவார். கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து, "இது யாரு தம்பி வரைஞ்சது?" என்றார்.

"ஹெசூஸ் பிளாஸ்கோ. எங்க ஊர்ல இரும்புக்கை மாயாவின்னு ஒரு காமிக்ஸ், அதை வரைஞ்சவர்" என்றேன் பெருமையாக.

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "டின்டின் இல்லையா?" என்று கேட்டுவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் பிளெக் என்ற காமிக்ஸ் நாயகன் பெயரைச் சொல்லிக் கண் கலங்கும்போது நானும் இப்படித்தான் விழித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் வளர்ந்தது பிரெஞ்சில் வந்த டின்டினோடும் பாக்கெட் சைஸ் காமிக்ஸ்களோடும். நான் வளர்ந்தது சிவகாசியில் அச்சான முத்து, லயன் காமிக்ஸ்களோடு. இரண்டு பேருக்கும் ஞாபகம் ஒரே அளவு கனம்தான். ஏலத்தில் அவர் ஞாபகத்துக்கு லட்சக்கணக்கான யூரோ விலை உண்டு. என்னுடையதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

ஓவியர் பென்சிலும் மையும் கொண்டு தன் கையால் வரைந்து, அச்சுக்குப் போன அந்த அசல் தாளைத்தான் ஒரிஜினல் பக்கம் என்கிறோம். இங்கே பிரெஞ்சு வழக்கில் பிளான்ஷ். இதை வாங்க ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்கிற தமிழ் நண்பர்கள் நாலைந்து பேராவது இருக்கிறார்கள். அவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே செய்து முடித்துவிட்டேன்.

முதல் தவறு, நம் ஞாபகத்தைச் சந்தையின் ஞாபகம் என்று நினைப்பது. ஏல விலை உயர இரண்டு பேர் போதும், ஆனால் அந்த இரண்டு பேருக்கும் அந்தப் பக்கம் வேண்டும் என்ற வெறி இருக்க வேண்டும், கையில் காசும் இருக்க வேண்டும். டின்டினுக்கு அப்படிப்பட்டவர்கள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நிறைய. 2014-இல் பாரிஸில் ஆர்ட்கூரியல் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், டின்டினை உருவாக்கிய எர்ஷே 1937-இல் வரைந்த ஓர் இரட்டைப் பக்கம் சுமார் 26 லட்சம் யூரோவுக்குப் போனது. அதில் கதை கிடையாது. டின்டினும் அவன் நாயும் ஓடுவது, விழுவது, வேஷம் போடுவது என்று குட்டிக் குட்டிப் படங்கள்தான். ஆனால் 1937-லிருந்து 1958 வரை வந்த ஆல்பங்களின் உள்ளட்டையில் இருந்தது அந்தப் படம்தான். எந்தக் கதையைத் திறந்தாலும் குழந்தைகள் முதலில் பார்த்தது அதைத்தான். அதைப் பற்றிச் சொன்னதும் பெரியவர், "கருநீலத்துல இருக்குமே, அதுதானே?" என்றார். அவர் அண்ணனின் பழைய புத்தகத்தில் பார்த்ததாம். அறுபது வருஷம் கழித்தும் நிறம் மறக்கவில்லை பாருங்கள்.

இரும்புக்கை மாயாவி 1962-இல் பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர். தமிழில் 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அதுதான். மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்ற மும்மூர்த்திகளுக்காக இன்றைக்கும் உருகுகிற ஒரு தலைமுறை நம்மிடம் உண்டு. அவர்கள் யாரும் பாரிஸிலோ டல்லஸிலோ ஏலத்தில் கை தூக்குவதில்லை. அதனால் பிளாஸ்கோவின் பக்கத்துக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் ஓவியத்தின் விலை. நம்முடைய ஏக்கம் இலவச இணைப்பு. வாங்குகிறவருக்கு இது யோகம். ஆனால் அதே பக்கத்தை நாளைக்கு விற்கப் போனால், "சார், இது மாயாவி சார்!" என்று நீங்கள் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. வாங்கும்போது விற்பவரிடம் உங்கள் சின்ன வயசுக் கதையைச் சொல்லாமல் இருப்பதும் நல்லது. கடிதத்தில் இரண்டு பத்தி உருகி எழுதினால் விலை இறங்காது, ஏறத்தான் செய்யும்.

அடுத்தது, விலை அதிகம் என்றால் ஓவியம் உசத்தி என்று எடுத்துக்கொள்வது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 2012-இல் டாட் மெக்ஃபார்லேன் வரைந்த ஸ்பைடர்மேன் 328-ஆம் இதழின் அட்டைப்படம் அமெரிக்காவில் 6,57,250 டாலருக்கு ஏலம் போனது. 2014-இல் ஹெர்ப் டிரிம்பி வரைந்த ஹல்க் 180-ஆம் இதழின் கடைசிப் பக்கமும் அதே 6,57,250 டாலருக்குப் போனது. இரண்டு தொகையும் ஒன்று, காரணம் வேறு. முதலாவது, அந்த ஓவியரின் கோடுகளில் மயங்கிக் கிடந்த ஒரு தலைமுறை கொடுத்த விலை. இரண்டாவதின் கடைசிக் கட்டத்தில்தான் வுல்வரின் என்ற பாத்திரம் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. டிரிம்பி திறமைசாலிதான், ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி அவர் தூரிகைக்குக் கிடைத்ததல்ல, அந்த முதல் வருகைக்குக் கிடைத்தது. 2022-இல் இதையும் தூக்கிச் சாப்பிட்டது மைக் ஜெக் வரைந்த 1984-ஆம் வருஷத்து 'சீக்ரெட் வார்ஸ்' கதையின் ஓர் உள்பக்கம். ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை வந்து சேரும் இடம். 33.6 லட்சம் டாலர்! அதைவிட அழகான மைக் ஜெக் பக்கங்கள் இருக்கின்றன என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

மொரீஷியஸ்காரர்களுக்கு இது புதிதில்லை. 1998-இல் வந்த ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டு, நம் மக்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒன்று யார் வீட்டு அலமாரியிலாவது கிடந்தால் அதைச் சேகரிப்பவர் தேடி வருவது அச்சின் அழகுக்காக இல்லை, அந்தக் கதைக்காக.

ஆகவே ஒரு பக்கத்தைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள். பாத்திரத்தின் பெயரே தெரியாத ஒருவர் இதைச் சுவரில் மாட்டுவாரா? இந்தக் கதையைப் படித்தே இராத ஒருவர் இதற்கு ஏலம் கேட்பாரா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் நீங்கள் கொடுக்கப்போவது முழுக்க ஞாபகத்தின் விலை. கொடுக்கலாம், தப்பில்லை. தெரிந்து கொடுங்கள்.

பாத்திரத்தைப் பார்த்து, வரைந்த கையைப் பார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகி மாடஸ்டி என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ஒரே முகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1963-இல் தொடரைத் தொடங்கிய ஜிம் ஹோல்டவே 1970-இல் திடீரென்று இறந்துபோனார். அப்புறம் வந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ரொமேரோ. ஹோல்டவேயின் மாடஸ்டி தெருவில் எதிரே வரக்கூடிய ஒரு பெண். ரொமேரோவின் மாடஸ்டி போஸ்டரில் நிற்கக்கூடியவள். எனக்கு ஹோல்டவேதான். உங்களுக்கு ரொமேரோ என்றால் அவரையே வாங்குங்கள், ஆனால் ஒருவர் விலையைக் காட்டி இன்னொருவரை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். நம் கேப்டன் டைகரிலும் (பிரெஞ்சில் புளூபெரி) இதே கதை. பிரெஞ்சு ஓவியர் ஜிரோ 1963-இல் அந்தத் தொடரை ஆரம்பித்தபோது குரு ஜிஜேயின் நிழலில்தான் வரைந்தார். ஆரம்ப ஆல்பங்களில் சில பக்கங்களை ஜிஜேயே வரைந்து கொடுத்திருக்கிறார். 'தங்கக் கல்லறை' காலத்துக்கு வரும்போது ஜிரோ வேறு ஆள். பாறையின் ஒவ்வொரு வெடிப்பிலும் வெயில் தெரியும். ஏக்கமும் தரமும் ஒரே தாளில் சந்திக்கிற அந்த மாதிரிப் பக்கங்கள் என் சம்பளத்துக்கு ஜென்மத்தில் எட்டாது.

பெரிய ஓவியர் பெயர் இருக்கிறது என்பதற்காக, நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் பக்கத்தை வாங்காதீர்கள். அட்டைப்படம், முழுப்பக்கப் படம், நாயகன் வரும் சண்டைக் காட்சி என்பதுதான் பொதுவான விலை வரிசை. பேச்சுப் பக்கம் எப்போதும் மலிவு, அதற்குக் காரணம் உண்டு.

இப்போது என் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். சில வருஷம் முன்னால் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கேப்டன் டைகர் 'ஒரிஜினல்' ஒன்றை வாங்கினேன். விலை சந்தேகப்படும்படி மலிவு. அங்கேயே விழித்திருக்க வேண்டும். பார்சலைப் பிரித்து ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். மை தாளின்மேல் நிற்கவே இல்லை. எங்கே தடவினாலும் ஒரே வழவழப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கறுப்பு முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். அச்சு! நல்ல தாளில், நல்ல அச்சு.

என் பிளாஸ்கோ பக்கத்தை அதே ஜன்னலில் பிடித்தால் கதையே வேறு. கறுப்பு அடர்ந்த இடங்களில் தூரிகை ஓடிய திசை பளபளப்பாகத் தெரியும். தப்பாகப் போன ஒரு விரலின்மேல் வெள்ளைப் பூச்சு கெட்டியாகப் படிந்து, ஓரத்தில் மெல்ல வெடித்திருக்கிறது. ரப்பர் போட்டு அழித்தும் போகாத பென்சில் கோடு ஒன்று தோள்பட்டையில் மிச்சம். அந்தக் கால பிரிட்டிஷ் வழக்கப்படி வசனத்தைத் தனியே அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். பசை பழுப்பேறி, ஒரு பலூன் உதிர்ந்தே போய்விட்டது. இருட்டுத் துறைமுகத்தில் மழை பெய்கிற கட்டத்தில், காய்ந்த மையைப் பிளேடால் சுரண்டியே மழையை வரவழைத்திருக்கிறார். டின்டின் இல்லையா என்று கேட்ட பெரியவர் அந்தக் கட்டத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றார்.

பிரான்ஸுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் வரிசையில் நின்று, ஓவியரிடம் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு படம் போட்டு வாங்கி வருவார்கள். அதற்குப் பெயர் தெதிகாஸ். அது ஓவியர் கையால் போட்டதுதான், ஆனால் ஐந்து நிமிஷ அன்பளிப்பு. அச்சுக்குப் போன பக்கத்தோடு அதை ஒப்பிட முடியாது. எண் போட்டுக் கையெழுத்திட்ட அச்சுப்படங்கள் அதற்கும் கீழே. இன்றைய ஓவியர் பலர் முழுக்க டேப்லெட்டிலேயே வரைகிறார்கள்; அங்கே தாள் என்ற ஒன்றே கிடையாது. அப்படியொரு புதிய தொடரின் 'ஒரிஜினல்' கிடைத்தால், பென்சிலும் மையும் ஒரே தாளில் இருக்கின்றனவா, அல்லது கம்ப்யூட்டரில் எடுத்த நீலக் கோட்டின்மேல் மை மட்டும் போட்டதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் உண்டு.

பத்திரிகையில் வரும் ஏல விலையைப் பார்த்துக் கணக்குப் போடும்போதும் கவனம். 'நீலத்தாமரை' என்ற டின்டின் கதைக்காக எர்ஷே 1936-இல் வரைந்த அட்டை 2021-இல் ஏலத்துக்கு வந்தபோது சுத்தியல் விழுந்தது 26 லட்சம் யூரோவில். ஏல நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்து வாங்கியவர் கட்டியது கிட்டத்தட்ட 32 லட்சம். விற்றவர் கையில் என்ன வந்தது என்பது வேறு கணக்கு. (அந்த அட்டையில் மடித்து வைத்திருந்த கோடுகள் இன்னும் தெரிகின்றன. வேறு எந்தப் படமாக இருந்தாலும் மடிப்பு விலையைத் தின்றிருக்கும்.) நமக்கு இதற்குமேல் தபாலும் சுங்கமும் இருக்கின்றன. அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை தூக்க வேண்டும்.

யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல பதிப்பகங்கள் ஒரு காலத்தில் பக்கங்களை ஓவியர்களுக்குத் திருப்பித் தரவே இல்லை. பல பக்கங்கள் எப்படி வெளியே வந்தன என்பது மர்மம். 2023-இல் 'ஆஸ்டெரிக்ஸ், கிளியோபாட்ரா' ஆல்பத்தின் அட்டை என்று பிரஸ்ஸல்ஸில் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது, ஓவியர் உடெர்ஸோவின் மகள் ஆட்சேபம் தெரிவிக்க, ஏலத்திலிருந்து அதை விலக்கிக்கொண்டார்கள்.

ஏக்கம் வட்டி போட்டு வளரும் என்று நம்பி வாங்குவதும் ஆபத்துதான். ஒரு பாத்திரத்தைச் சிறுவயதில் படித்தவர்கள் ஐம்பது வயதில் காசோடு வருவார்கள். எண்பதில் அவர்களே விற்க ஆரம்பிப்பார்கள், அல்லது பிள்ளைகள் விற்பார்கள். புதிதாகப் படிக்கிற குழந்தைகள் இருந்தால்தான் விலை தாங்கும். டின்டினுக்கு இருக்கிறார்கள். பிளெக்குக்கு? பெரியவரிடமே கேட்டேன். "என் பேரன் தொட்டுக்கூடப் பார்க்கலை" என்றார். நன்றாக வரைந்த பக்கத்துக்கு மட்டும் வேறு ஒரு வழி திறந்திருக்கிறது: கதை மறந்தாலும் ஓவியமாகப் பார்த்து வாங்க ஆள் வரலாம். அமெரிக்க ஓவியர் ஃபிராசெட்டா 1969-இல் ஒரு திகில் பத்திரிகையின் அட்டைக்கு வரைந்த எகிப்திய ராணி 2019-இல் 54 லட்சம் டாலருக்குப் போனாள். அந்தப் பத்திரிகையின் அந்த இதழை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

கடைசியாக ஒன்று, இது கியூர்பீப்காரர்களுக்கு மட்டும். இங்கே வருஷம் முழுக்கத் தூறல், பீரோவுக்குள் செருப்பே பூத்துவிடும். வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள். உள்சுவரில், வெயில் படாத இடத்தில், கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவே அட்டைச் சட்டம் வைத்து மாட்டுங்கள். ஃப்ரேம் கடைக்காரர் சாதா செலோடேப் போட்டு ஒட்ட வருவார், தடுத்துவிடுங்கள். மார்ச் மாதம் புயல் எச்சரிக்கை வந்தபோது, என் பக்கத்தைக் கழற்றி இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அரிசி டிரம்மின் மேல் வைத்தேன். வீட்டிலேயே நனையாத இடம் அதுதான் என்று என் மனைவி சொன்னாள்.