ஆடியோமீட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) திரைக்கு வரவில்லை என்றதும், அதை அளக்கும் கருவியான ஆடியோமீட்டரைச் சர்வீசுக்கு அனுப்பிவிடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உள்ள கேபிளில், ட்ரைவரில் (கருவியோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள்), செட்டிங்கில்தான் இருக்கும்.

புதுக் கருவி வந்ததும் முதலில் கேபிளைச் செருகிப் பார்ப்பது எல்லோரும் செய்கிற தவறு. அந்த நேரத்தில் சரியான ட்ரைவர் இல்லையென்றால் விண்டோஸ் ஏதோ ஒரு பொது ட்ரைவரைப் போட்டுவிடலாம். பிறகு உரிய மென்பொருளை நிறுவினாலும் பழையதே ஒட்டிக்கொண்டிருக்கும். மென்பொருளை முதலில் நிறுவுங்கள், கையேடு சொல்லும் கட்டத்தில் செருகுங்கள். ஏற்கெனவே செருகியாயிற்றா? இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் காட்டும் வரியை, ட்ரைவரையும் சேர்த்து நீக்கும்படி டிக் வைத்து அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.

அதிகத் தலைவலி தருவது ஆர்.எஸ்.232 என்ற பழைய வகை சீரியல் போர்ட் மட்டுமே உள்ள பழைய ஆடியோமீட்டர்கள். அவற்றை யூஎஸ்பி துளையில் மாட்ட உதவும் மலிவான கன்வெர்ட்டர்களில் ப்ராலிஃபிக் நிறுவனத்தின் பழைய சிப்போ அதன் போலியோ இருக்கலாம். விண்டோஸ் 11-இல் செருகினால், டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் பெயர் வரவேண்டிய இடத்திலேயே 'இந்த சிப் 2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். அதோடு மல்லுக்கட்டாமல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள கன்வெர்ட்டரை வாங்குவது நல்லது. கேபிளும் இரு வகை: முள்கள் நேருக்கு நேர் போவது ஒன்று, 2-ஆம் 3-ஆம் முள்கள் இடம் மாறியது மற்றொன்று. வெளித்தோற்றம் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் கருவி அனுப்புவது கம்ப்யூட்டரின் காதில் விழாது. கருவியின் மெனுவில் உள்ள பாட் வேகமும் (தகவல் அனுப்பும் வேகம்) மென்பொருளில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். கன்வெர்ட்டரை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் விண்டோஸ் அதற்குத் தரும் காம் போர்ட் எண்ணும் மாறிவிடக்கூடும். துளையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று: ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்கமுடியும். செவித்திறன் பதிவுகளைச் சேமிக்கும் நோவா மென்பொருளுக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாகத் திறந்து வைத்திருந்தால் இரண்டாவதற்கு எதுவும் கிடைக்காது.

யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கருவியைத் தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் போடாதீர்கள். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். அதை மவுஸும் பென்டிரைவும் பங்குபோட்டால் சோதனை நடுவில் இணைப்பு அறும். மின்சாரத்தைச் சேமிக்க யூஎஸ்பி துளைகளைத் தூங்கவைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் பவர் செட்டிங்கில் நிறுத்திவையுங்கள். கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கம்ப்யூட்டரின் மின்விசிறிச் சத்தமே மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும் என்பதால் அது சோதனை நடக்கும் ஒலித்தடுப்பு அறையான பூத்துக்கு வெளியேதான் இருக்கவேண்டும்.

மின்பாதுகாப்பை யாரும் யோசிப்பதே இல்லை. சாதாரணக் கம்ப்யூட்டர் மருத்துவக் கருவி அல்ல. சோதனைக்கு உட்காருபவரிடமிருந்து 1.5 மீட்டருக்குள் அதை வைத்தால் மெயின் மின்சாரத்திலிருந்து அதைப் பிரித்துவைக்கும் மருத்துவத் தர ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் கசிவு மின்னோட்டங்கள் ஒன்றுசேரும். எர்த் அறுந்தால் அது உடம்பு வழியாகப் பாயும். தலையில் எலெக்ட்ரோடு ஒட்டி, ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்அலைகளைப் பதிவுசெய்யும் ஏபிஆர் சோதனையில், எர்த் சரியில்லாத இடத்தில் மின்இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அந்த அலைகளையே மூழ்கடித்துவிடும்.

கம்ப்யூட்டர் வழியாகவே ஒலி போகும் அமைப்புகளில், விண்டோஸ் அந்தக் கருவியை டீஃபால்ட் ஸ்பீக்கராக எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், எடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மெயில் வந்த 'டிங்' சத்தத்துக்கும் நோயாளி பட்டனை அழுத்துவார். ஹெட்போன் பழுதானால் கடையில் வாங்கிய வேறொன்றைச் செருகுவது இதைவிட மோசம்: ஆடியோமீட்டரும் ஹெட்போனும் ஜோடியாகக் கேலிபரேட் செய்யப்பட்டவை (அளவு சரிபார்த்துப் பொருத்தப்பட்டவை). திரையில் 40 டெசிபல் என்று இருக்கும், காதில் எவ்வளவு விழுகிறதோ யாருக்கும் தெரியாது.

இணைப்பு கிடைத்ததும் நேராக நோயாளியை உட்காரவைக்காமல், 'சோதனை' என்ற பெயரில் ஒரு பதிவு திறங்கள். வலது காதுக்கு 20, இடதுக்கு 60 டெசிபல் என வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாகக் கொடுங்கள். மாஸ்கிங்கோடு (மறு காதுக்கு இரைச்சல் கொடுத்து) ஒரு எலும்புவழி அளவு, 'பதில் இல்லை' என்று ஒன்று என இவற்றையும் சேருங்கள். சேமித்து, மூடி, திரும்பத் திறங்கள். வலது சிவப்பு வட்டமாகவும் இடது நீலப் பெருக்கல் குறியாகவும் வரவேண்டும். 'பதில் இல்லை' என்பதற்கான அம்பு காணாமல் போய் வெறும் எண்ணாகப் பதிவாகியிருந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு மென்பொருள் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். கவனிக்காமல் விட்டால், கேட்காத காதைக் கேட்கும் காதாக நினைத்துக்கொண்டு ஹியரிங் எய்டை அமைத்துவிடுவார்கள்.